காணிக்கைப் பையிலிருந்து பணித்தளம் வரை: பிள்ளைகளுக்கு எந்த வழியில் சொல்லித்தரலாம்?

ஞாயிறு பள்ளியில் காணிக்கைப் பை சுற்றி வந்தபோது ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி காசைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, இதை எடுத்துட்டுப் போக மிஷனெரி அங்கிள் எப்போ வருவாங்க?" முந்தின வாரம்தான் மிஷனெரிகளைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தேன். நம் காணிக்கை அவர்களுக்கும் போகிறது என்று சொல்லியிருந்தேன். இரண்டையும் சேர்த்து அவள் யோசித்திருக்கிறாள். "ஆண்டவருக்குக் கொடுக்கிறோம், போடும்மா" என்றேன். சொன்னது உண்மைதான். ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு முறையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று பிறகு நானும் உடன் ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசினோம். கையில் இருப்பது வாரத்துக்குப் பத்து நிமிடம். எல்லாவற்றையும் செய்ய முடியாது. பெரும்பாலான சபைகளில் வழக்கத்தில் இருக்கிற வழிகள் ஐந்து: மிஷனெரி உண்டியல், குறிப்பிட்ட ஒரு பொருளுக்காகப் பணம் சேர்ப்பது, ஒரு மிஷனெரி குடும்பத்தோடு தொடர்பு வைத்துக்கொள்வது, சபையின் பொதுக் காணிக்கை எங்கே போகிறது என்று பிரித்துக் காட்டுவது, வகுப்புகளுக்குள் போட்டி வைப்பது. இதே முடிவை எடுக்க வேண்டியிருக்கிற பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்றுதான் இவற்றை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது? எனக்கு அளவுகோல் கிடைத்தது, அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதமான பிலிப்பியர் நிருபத்தில். பிலிப்பி சபையார் பவுலுக்கு உதவி அனுப்புகிறார்கள். அதைச் சுமந்துகொண்டு போனவர் எப்பாப்பிரோதீத்து. போன இடத்தில் அவர் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாகிறார். பிழைத்துத் திரும்பும்போது அவர் வழியாகவே பவுலின் கடிதமும் போகிறது. நாலாம் அதிகாரத்தில் பவுல் அந்த உதவிக்கு நன்றி சொல்கிறார், தான் தெசலோனிக்கேயில் இருந்தபோதும் அவர்கள் அனுப்பியதை நினைவுகூருகிறார். கொடுத்தவர்கள், சுமந்துபோனவர், பெற்றுக்கொண்டவர், திரும்பி வந்த செய்தி என்று நான்கும் அங்கே இருக்கின்றன. நம் பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் முதலாவதை மட்டும்தான். பைக்குள் காசு விழுகிறது, அதோடு கதை முடிந்துவிடுகிறது. மீதி மூன்றையும் எந்த வழி அதிகமாகக் காட்டுகிறதோ அதுதான் நல்ல வழி என்று நினைக்கிறேன்.

முதலில் உண்டியல். எளிமையானது, பழமையானதும்கூட. 1792 அக்டோபர் 2 அன்று இங்கிலாந்தின் கெட்டரிங்கில் பாப்டிஸ்ட் மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது, அங்கே கூடியிருந்தவர்கள் தருவதாக எழுதிக்கொடுத்த தொகை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தச் சீட்டுகளைப் போட்டு வைத்தது சங்கத்தின் செயலாளரான ஆண்ட்ரூ ஃபுல்லருடைய மூக்குப்பொடி டப்பாவில். அடுத்த வருஷமே அந்தச் சங்கத்தின் மிஷனெரியாக வில்லியம் கேரி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910 முதல் ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைக்கிறார்கள். சேர்ந்ததை விற்று ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். உண்டியலின் பலம் இந்த வழக்கத்தில்தான் இருக்கிறது. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதாக எடுத்து வைக்கும்படி பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, அதை ஒரு சின்னக் கை பழகிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை. நாலு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளக்கம் ஏறாது. கையால் போடுவது ஏறும்.

ஆனால் உண்டியல் பேசாது. நிரம்பியதும் யாரோ வந்து எடுத்துப்போகிறார்கள், அப்புறம் காலிப் பெட்டி திரும்பி வருகிறது. என் அளவுகோலில் மீதி மூன்றும் இங்கே விட்டுப்போகின்றன. இன்னொரு குறையும் உண்டு: போடப்படுவது பெரும்பாலும் அப்பா அம்மா பணம். பிள்ளை வாங்கிக் கொண்டுவந்து போடுகிறது, அவ்வளவுதான். தனக்குக் கிடைத்ததில் தானே எவ்வளவு என்று முடிவுசெய்து எடுத்து வைத்த ஒற்றைக் காசுக்கும் அம்மா கையில் திணித்த பத்துக் காசுக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அதனால் உண்டியலைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். அதன் மேல் ஒரு பணித்தளத்தின், அதாவது மிஷனெரி ஊழியம் செய்கிற இடத்தின், படத்தையோ வரைபடத்தையோ ஒட்டுங்கள். பிள்ளையின் சொந்தப் பணத்திலிருந்து மட்டும் அதில் போடச் சொல்லுங்கள், குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. யாருடைய பெட்டி கனமாக இருக்கிறது என்று கையில் தூக்கிப் பார்க்கவே வேண்டாம்.

இரண்டாவது, ஒரு பொருளுக்காகச் சேர்ப்பது. சைக்கிள், சூரிய விளக்கு, வேதாகமங்கள், கிணறு, இப்படி ஏதாவது ஒன்று. இதற்கு வரலாற்றில் மிக அழகான உதாரணங்கள் இருக்கின்றன. தென்கடல் தீவுகளில் ஊழியம் செய்த ஜான் வில்லியம்ஸ் 1839-இல் எரோமாங்கா தீவில் கொல்லப்பட்டார். அவர் பெயரிலேயே ஒரு மிஷனெரிக் கப்பல் வாங்க லண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த பிள்ளைகள் காசு சேர்த்தார்கள். 1844-இல் அந்தக் கப்பல் புறப்பட்டது. 1864-இல் அது பாறையில் மோதி உடைந்தபோது, பிள்ளைகள் மறுபடியும் சேர்த்தார்கள், அடுத்த கப்பலும் ஓடியது. அமெரிக்காவில் 1856-இல் 'மார்னிங் ஸ்டார்' என்ற கப்பலுக்காக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பங்குகள் விற்றார்கள். ஒரு பங்கு 10 சென்ட், வாங்கிய பிள்ளைக்கு அச்சிட்ட பங்குச் சீட்டும் கிடைத்தது. பசிபிக் கடலில் போய்க்கொண்டிருக்கிற கப்பலில் ஒரு பலகையாவது தன்னுடையது என்று ஒரு பிள்ளை நினைத்தால் அந்தச் சந்தோஷம் எப்படி இருந்திருக்கும்!

இந்த வழியின் பலம் அந்தச் சந்தோஷம்தான். பணம் என்னவாக மாறியது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இதையே முக்கிய வழியாக வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கப்பல் வாங்கியாயிற்று சரி, மாலுமிகளுக்கு மாதாமாதம் யார் கொடுப்பது? மிஷனெரி ஊழியத்தில் பெரும்பகுதிச் செலவு படம் பிடித்துக் காட்ட முடியாத செலவு. மிஷனெரி குடும்பத்தின் மாத உதவிப்பணம், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், வீட்டு வாடகை, பயணம், ஒரு மொழியைக் கற்றுக்கொள்ளவே போகிற முதல் வருஷங்கள், கணக்கு எழுதுகிற அலுவலகம், ஓய்வுபெற்றவர்களின் பராமரிப்பு. "கிணறுக்குக் கொடுப்பேன், வாடகைக்குக் கொடுக்கமாட்டேன்" என்று யோசிக்கிற பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைச் சிறுவயதிலேயே நாம் விதைத்துவிடக் கூடாது. அதோடு, பொருளை நாமே தீர்மானித்து அனுப்புவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பணித்தளத்தில் அது தேவைப்படாமலே போகலாம். முதலில் மிஷனெரி ஸ்தாபனத்தைக் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்கிற தேவையை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, விடுமுறை வேதாகமப் பள்ளி நாட்களில், ஒரு பத்து நாள் முயற்சியாக வைத்தால் போதும்.

மூன்றாவது வழியைத்தான் நான் மனதார ஆதரிக்கிறேன்: சபை ஏற்கெனவே தாங்குகிற ஒரு மிஷனெரி குடும்பத்தை வகுப்பு தத்தெடுத்துக்கொள்வது. அவர்கள் பெயர் சொல்லி ஜெபிப்பது, கடிதம் எழுதுவது, பதில் வாங்குவது.

கேரி புறப்பட்டதைப் பற்றி ஆண்ட்ரூ ஃபுல்லர் பிற்பாடு ஒரு படத்தோடு நினைவுகூர்ந்தார். ஆழமான சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் நானாகிறேன், மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியவர்கள் நீங்கள் என்று கேரி தங்களிடம் கேட்டதுபோல இருந்ததாம். இந்தப் படத்தை வகுப்பில் நிஜக் கயிற்றோடே செய்து காட்டலாம். ஒரு பிள்ளை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அறையின் அந்தப் பக்கம் போகட்டும், மற்றவர்கள் இந்த முனையைப் பிடிக்கட்டும். ஒவ்வொருவராகக் கையை விடச் சொல்லுங்கள். கடைசியில் ஒருவன் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள். காணிக்கை கொடுப்பது யாரோ முகம் தெரியாதவருக்குச் செய்கிற தர்மம் இல்லை, கயிற்றின் இன்னொரு முனை நம் கையில்தான் இருக்கிறது என்பது அங்கே புரிந்துவிடும்.

கடிதத்துக்கு என்ன சக்தி உண்டு என்பதற்கு லாட்டி மூன் சாட்சி. அமெரிக்காவிலிருந்து போய்ச் சீனாவில் ஊழியம் செய்த அவர், தனியாகப் பாடுபடுவதைப் பற்றியும் இன்னும் ஆட்கள் வேண்டும் என்றும் திரும்பத் திரும்பத் தன் நாட்டுச் சபைகளுக்கு எழுதினார். கிறிஸ்துமஸ் சமயத்தில் இதற்கென்று ஒரு காணிக்கை எடுக்கலாமே என்று சொன்னதும் அவர்தான். 1888-இல் எடுத்த அந்த முதல் காணிக்கையில் 3,315 டாலர் சேர்ந்தது. மூன்று பெண் மிஷனெரிகளை அனுப்ப அது போதுமானதாக இருந்தது. கொடுத்தவர்கள் அவரைக் கடிதங்கள் வழியாக அறிந்திருந்ததால்தான் கொடுத்தார்கள்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. கூடுமானவரை உங்கள் பிள்ளைகள் வயதிலேயே பிள்ளைகள் இருக்கிற குடும்பமாகப் பாருங்கள். மிஷனெரி ஸ்தாபனத்தின் அனுமதியோடே தொடங்குங்கள், ஏனென்றால் சில பணித்தளங்களில் மிஷனெரியின் பெயரோ படமோ ஊரின் பெயரோ வெளியே போகக் கூடாது. வகுப்புச் சுவரில் ஒட்டியதை யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாலே அங்கே ஒரு குடும்பத்துக்கு ஆபத்து வரலாம். பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் பெரியவர்களைவிட நன்றாகக் காப்பாற்றுவார்கள். அடுத்து, பதிலுக்காக மிஷனெரியை நெருக்காதீர்கள். வருஷத்துக்கு இரண்டு கடிதம் போதும். முப்பது பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பதில் எழுதச் சொன்னால் ஊழியத்துக்கு உதவப் போய் ஊழியரின் நேரத்தை எடுத்துக்கொண்டதாகிவிடும். வகுப்பு முழுவதற்குமாக ஒரு கடிதம், அதில் ஐந்து கேள்வி. "அங்கே முதல்ல என்ன வார்த்தை பேசக் கத்துக்கிட்டீங்க?", "உங்க பையனுக்கு ஃபிரெண்ட்ஸ் இருக்காங்களா?" மாதிரியான கேள்விகளுக்கு வருகிற பதில், எந்த ஊழிய அறிக்கையிலும் கிடைக்காது.

பணத்தைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். "நாங்க அனுப்புறது உங்களுக்கு எப்படி வருது, எதுக்குச் செலவாகுது?" என்று பிள்ளைகள் கேட்டால் எந்த மிஷனெரியும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இந்த வழியிலும் சறுக்கல்கள் உண்டு. மிஷனெரியை மட்டும் வீரனாக்கி, அவர் போன இடத்து ஜனங்களை எப்போதும் கையேந்தி நிற்கிறவர்களாகக் காட்டிவிடுவது அதில் பெரியது. மெலிந்த பிள்ளையின் படத்தைக் காட்டிப் பரிதாபப்பட வைத்துப் பணம் சேர்ப்பதை நான் அடியோடு வெறுக்கிறேன். அந்தப் பிள்ளையின் அம்மா நம் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அந்தப் படத்தைக் காட்டுவோமா? சுவிசேஷத்தைப் பெற்றுக்கொண்டவர்களும் கொடுக்கிறவர்களாகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிஷனெரிகள் வழியாக நற்செய்தி கேட்ட மிசோ சபைதான் அந்தக் கைப்பிடி அரிசியைக் கொண்டு இன்று மற்ற இடங்களுக்கு மிஷனெரிகளை அனுப்புகிறது. வேதாகமத்தில் வருகிற மக்கெதோனியா சபைகளும் தங்கள் கொடிய தரித்திரத்திலிருந்தே எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்குக் கொடுத்தன.

இன்னொன்று, குடும்பம் நடுவிலேயே திரும்பி வந்துவிட்டால்? எங்களுக்கு அப்படி நடந்தது. ஒரு வருஷம் நாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்த குடும்பத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். "அப்போ நாம கொடுத்தது வீணா?" என்று ஒரு பையன் கேட்டான். நான் அவனுக்கு எப்பாப்பிரோதீத்துவின் கதையைத்தான் சொன்னேன். அந்தக் காணிக்கையில்தான் அவர்கள் டிக்கெட் எடுத்துப் பத்திரமாக வந்தார்கள், மருத்துவம் பார்க்கிறார்கள் என்றேன். அந்த வாரம் அவன் ஜெபித்ததுபோல ஒரு பிள்ளை ஜெபித்து நான் கேட்டதில்லை.

நான்காவது வழி, சபையின் பொதுக் காணிக்கையைப் பிரித்துக் காட்டுவது. இதைப் பலரும் வறண்ட விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு ஒரு தடவை செய்து பார்த்த பிறகு எண்ணம் மாறிவிட்டது. மரக்கட்டைகள் இருபது எடுத்துக்கொள்ளுங்கள். சபையின் ஒரு வருஷக் காணிக்கை இது என்று வைத்துக்கொண்டு, சபைப் பொருளாளரையே வகுப்புக்கு அழைத்து வந்து பிரிக்கச் சொல்லுங்கள்: ஆயர் சம்பளத்துக்கு இத்தனை, கட்டடத்துக்கு இத்தனை, மின்சாரத்துக்கு, ஏழைகளுக்கு, மிஷனெரி ஊழியத்துக்கு. அதற்கு முன்னால் பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியபடி பிரித்துப் பார்க்கட்டும். பிறகு மிஷனெரிக் கட்டைகளை மட்டும் எடுத்து, அவை எந்த வழியில் போகின்றன என்று காட்டுங்கள். சில சபைகள் நேராக மிஷனெரிக்கு அனுப்புகின்றன. சில ஸ்தாபனங்களில் ஒவ்வொரு மிஷனெரியும் தன்னைத் தாங்குகிற பங்காளர்களைத் தானே தேட வேண்டும். சிலவற்றில் எல்லாம் ஒரே பொது நிதிக்குப் போய், அங்கிருந்து எல்லோருக்கும் பங்கிடப்படுகிறது. அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபைகள் 1925-இல் இப்படி ஒரு கூட்டு நிதித் திட்டத்தைத் தொடங்கின. அதற்கு முன் ஒவ்வொரு ஊழிய ஸ்தாபனமும் தனித்தனியாக ஆளனுப்பிச் சபை சபையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மிஷனெரியைத் தனியாக அனுப்ப முடியாத சின்னச் சபையும் சேர்ந்து அனுப்ப முடிந்தது என்பதுதான் பொது நிதியின் பலம்.

பணத்தை எப்படிப் பொறுப்போடு கையாள்வது என்பதையும் இங்கேதான் சொல்லித்தர முடியும். எருசலேமுக்கான அந்தக் காணிக்கையைத் தன் உடன் ஊழியரான தீத்துவோடு சேர்ந்து கொண்டுபோக, சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் பவுல் அனுப்பினார். ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணத்தையும் எழுதினார். பணத்தை ஒருவர் தனியாக எண்ணாமல் இரண்டு பேராக ஏன் எண்ணுகிறார்கள் என்று கேட்கிற பிள்ளைக்கு இதுதான் பதில்.

பலவீனம் என்ன? சின்னப் பிள்ளைகளுக்கு இது ஏறாது. வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் செய்தால் பெரிய பிள்ளைகளுக்கும் சலித்துவிடும். அப்புறம், "மிஷனெரிக்கு ஏன் ஒரே ஒரு கட்டைதான்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்டே தீருவார்கள். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லப் பொருளாளரும் ஆயரும் தயாரா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தயார் இல்லை என்றால் அந்தச் சபை முதலில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்லியாக வேண்டும். இப்போது பல வீடுகளில் காணிக்கை போன் வழியாகவே போய்விடுகிறது. பெற்றோர் தவறாமல் கொடுக்கிறார்கள், ஆனால் பை சுற்றி வரும்போது சும்மா கடத்திவிடுகிறார்கள். அப்பா அம்மா கொடுப்பதைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்கிறது. இதற்கு மருந்து சுலபமானது. அனுப்புகிற நேரத்தில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, இது சபைக்கு, இது மிஷனெரிக்கு என்று சொல்லி, ஒரு நிமிடம் சேர்ந்து ஜெபித்துவிட்டு அனுப்புங்கள். சபையிலும், ஏற்கெனவே அனுப்பியவர்கள் பையில் போட ஒரு சின்ன அட்டை வைத்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் கண் அதைப் பார்க்கும்.

ஐந்தாவது வழியான போட்டி எனக்கு வேண்டாம். எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது என்று பலகையில் எழுதி, ஜெயித்தவர்களுக்குப் பரிசு கொடுத்தால் நிச்சயம் நிறையப் பணம் வரும். அதில் தோற்பது எப்போதும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். இரண்டு காசு போட்ட விதவையே எல்லாரிலும் அதிகமாகப் போட்டாள் என்று இயேசு சொன்ன பாடத்தைக் காலையில் நடத்திவிட்டு, மாலையில் அதிகம் சேர்த்தவனுக்குக் கோப்பை கொடுப்பது எப்படி? கொடுப்பது விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று வேதத்தில் எழுதியிருக்கிறதே, அந்தக் கட்டாயம் பிள்ளைகளுக்குப் போட்டி வடிவில்தான் வருகிறது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் மிஷனெரி குடும்பத்தோடு கடிதத் தொடர்பு. என் அளவுகோலில் நான்கையும் காட்டுவது அது ஒன்றுதான். ஆறு வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு அதே குடும்பத்தின் படமோ அவர்கள் இருக்கிற பகுதியின் வரைபடமோ ஒட்டிய உண்டியல் போதும், அப்போது இரண்டும் தனித்தனி முயற்சியாக இல்லாமல் ஒன்றாகிவிடும். ஒன்பது வயதுக்கு மேல் இருபது கட்டைப் பாடத்தை வருஷத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு வையுங்கள். பொருளுக்காகச் சேர்ப்பது, அந்தக் குடும்பமே ஒரு தேவையைச் சொன்னால் மட்டும்.

உங்கள் சபை எந்த மிஷனெரியையும் தனியாகத் தாங்கவில்லை, எல்லாம் பொது நிதிக்குத்தான் போகிறது என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கட்டைப் பாடம், பிறகு அந்தப் பொது நிதியிலிருந்து தாங்கப்படுகிற ஒரு குடும்பத்தின் தொடர்பைத் தரும்படி ஸ்தாபனத்திடம் கேளுங்கள். எல்லா மிஷனெரிகளுக்கும் போகிறது என்பதற்கு ஒரே ஒருவரின் முகமாவது வேண்டும். வீட்டில் தனியாகச் செய்ய நினைக்கிற பெற்றோரும் இப்படியே தொடங்கலாம்.

நாங்கள் இந்த வருஷம் கடித வழியைத் தேர்ந்தெடுத்தோம். முதல் கடிதத்துக்கான ஐந்து கேள்விகளைப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்கிப் பலகையில் எழுதினேன். முதல் கேள்வி அந்த ஏழு வயதுப் பிள்ளையுடையது. அவள் கையெழுத்திலேயே அனுப்பியிருக்கிறோம்: "அங்கிள், எங்க பையில போடுற காசு உங்க கிட்ட எப்படி வருது?"